பத்தடி தள்ளி

பெட்டிமேல் பத்தாயிரம் லூமன் என்று போட்டிருந்தது.
ஹட்டன் பஸாரில் ஆயிரத்தெண்ணூறு கொடுத்தேன்.
அடித்தால் பீலிவரை போகும்,
அதற்கப்பால் சிந்திய பால்மா மாதிரி
எங்கும் வெள்ளை, எதிலும் ஒன்றும் தெரியாது.

மஸ்கெலியாவில் போன் திருத்தும் கடை என்னுடையது.
கை சும்மா இருக்குமா?
கழற்றினேன்.

உள்ளே சுண்டுவிரல் நகமளவு எல்ஈடி.
ஒளி தூரம் போக வேண்டுமென்றால்
அது பிறக்கிற இடம் சிறுக்க வேண்டும்.
மிளகளவு ஒன்றை எடுத்து ஈயம் வைத்தேன்.
யாரோ விட்டுப்போன மோட்டார்சைக்கிள் ஹெட்லைட்டின்
குழிந்த கிண்ணத்தைச் சுற்றிலும் பொருத்தினேன்.
கிண்ணத்தைத் துடைக்கவில்லை.
துடைத்தால் ரசம் போய்விடும்,
தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

குறிவைக்க ஏதாவது வேண்டுமே.
ஆற்றுக்கு அக்கரைச் சரிவில் ஒரு கம்பம்,
சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டது.
போன மழையில் நிலம் வாய் பிளந்தபோது
கொழும்பிலிருந்து வந்தவர்கள் நட்டுப் போனார்கள்.
எங்கள் பணிய லயத்துக்கு மேலேயும் ஒன்று உண்டு.
"கம்பம் சாஞ்சா எறங்கிருங்க" என்றார்கள்.
எங்கள் கம்பம் எங்களுக்குத் தெரியாது,
மலை வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடுவில் நிற்கிறது.

வாசலில் நின்று அடித்தேன்.
ஒளி அக்கரைக்குப் போய்
நடுவில் ஓட்டையோடு உளுந்துவடையாய் விழுந்தது.
எல்ஈடி ஒரு நூல் இறங்கியிருக்கிறது.
சிம் அட்டையின் சட்டத்தை வெட்டி அடியில் கொடுத்தேன்.
ஓட்டை சுருங்கிற்று.
இன்னொரு துண்டு.
வடை போய் ஒரு பொட்டு வந்தது.

பிறகு மூடுபனி.
எவ்வளவு ஒளி கொட்டினாலும்
என் முகத்துக்கு நேரே ஒரு சுவர் எழும்புகிறது.
மஞ்சள் டொபித்தாள் ஒட்டிப் பார்த்தேன், பிரயோசனமில்லை.
செங்கமலம் உடுப்பு எடுக்க வந்தவள்
கொடியடியில் நின்றபடி சொன்னாள்:
"நல்லா தெரியுதே, செவப்புப் பட்டகூட."
பிடிக்கிறவனுக்குப் பனிதான் தெரியும்.
பத்தடி தள்ளி நிற்கிறவளுக்குக் கம்பம் தெரியும்.
அன்றிலிருந்து நான் பிடித்தேன், அவள் பார்த்தாள்.
முடிந்ததும் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுவேன்,
வெறும் பழக்கம்.

ஆறாம் இரவோ ஏழாம் இரவோ
அக்கரையிலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது.
எங்கள் தகரத்தில் ஏறி, மேலே போய், நின்று,
ஒருமுறை அணைந்து எரிந்தது.
எவன்டா அது என்று கத்தப் போனேன்.
கத்தவில்லை.
அவர்கள் கம்பத்தைக் காவல் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.
பதிலுக்கு எங்களுடையதைப் பார்க்கிறார்கள்.
டோர்ச் சரிபார்த்தேன் என்று
ஆற்றைத் தாண்டி எப்படிச் சொல்வது?

மூன்று வாரம்.
மழை இரவிலும் போய் நின்றேன்.
ஒரு சிமிட்டல் போகும், ஒன்று வரும்,
நாங்கள் படுப்போம்.

நேற்று கடைக்கு ஒரு பெண் வந்தாள்,
குசும்லதா என்று பில்லில் எழுதினேன்.
பையிலிருந்து டோர்ச்சை எடுத்து
பாதிச் சிங்களத்திலும் பாதிக் கையாலும் சொன்னாள்:
கூரை தெரிகிறது, கூரைக்கு மேல் எதுவுமே தெரிவதில்லை.
எங்கே அடிப்பீர்கள் என்று கேட்டேன்.
சொன்னாள்.

இத்தனை நாளும் அவர்கள் எதையும் பார்க்கவில்லை.
நேராயிருக்கிறது என்று சிமிட்டியது
நான் சிமிட்டியதால்தான்.

சின்ன எல்ஈடி வைத்தேன். சட்டம் வெட்டிக் கொடுத்தேன்.
தள்ளி நிற்க இன்னொருவர் வேண்டும் என்று
எழுந்து நின்று நடித்துக் காட்டினேன்.
விலை சொன்னேன், பேரம் பேசினாள்,
ஐம்பது குறைத்தேன்.

இன்று மாலையிலிருந்து மழை விடவில்லை.
ஒன்பதரைக்கு நான் அடித்தேன்,
செங்கமலம் தள்ளி நின்று "நேர்" என்றாள், அணைத்துப் போட்டேன்.
அக்கரையிலிருந்து வந்தது,
ஈர்க்குபோல் மெலிந்த ஒளி,
என் கை வேலை.
கூரையைத் தொடாமல் மேலே போனது.
போய் நின்றது.

நின்றுகொண்டே இருக்கிறது.
செங்கமலம் பிள்ளையின் செருப்பைத் தேடுகிறாள்.